பழைய பிக்கப் வாங்கியவுடன்: மொத்த வேலையா, பழுதுக்குப் பழுதா?

இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஒரு பொலேரோ பிக்கப்பையோ தோஸ்த் போன்ற சிறு சரக்கு வண்டியையோ வாங்கிப் பெயர் மாற்றியவுடன், புதிய உரிமையாளருக்கு எதிரெதிரான இரண்டு யோசனைகள் வந்து சேரும். வண்டியை ஷெட்டில் விட்டு எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடித்த பிறகே லோடு ஏற்ற வேண்டும் என்பார் ஒருவர். ஓடுகிற வண்டியில் கை வைக்காமல், எது போகிறதோ அதை அப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்பார் மற்றொருவர். இரண்டுமே அனுபவத்திலிருந்து பிறந்தவைதாம் என்றாலும், எந்த ஒன்றையும் முழுமையாகப் பின்பற்றினால் பணம் விரயமாகும் என்பதே என் கருத்து.

மொத்த வேலையின் பெரிய பலம், கணக்கு ஒரே நாளில் தொடங்குகிறது என்பது. முந்தைய உரிமையாளர் ஆயிலை எப்போது மாற்றினார், ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றினாரா, போர் தண்ணீரை ஊற்றினாரா என்பதையெல்லாம் அவர் வாய்மொழியை நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த வழி எளிதில் எல்லை மீறுகிறது. ஓடிய தூரத்தை மட்டும் காரணமாகக் காட்டி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்துவிட்டால், வண்டி நாள்கணக்கில் நிற்கிறது, தவணையோ நிற்பதில்லை. போதாக்குறைக்கு, நல்ல நிலையில் இருந்த இன்ஜின், லேத் வேலையின் தரத்தையும் மாற்றுப் பாகங்களின் தரத்தையும் நம்பி வாழ வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

பிரிக்கும் முன் சோதித்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை தொடர்ந்து வருகிறதா என்று கவனிக்க வேண்டும். இன்ஜின் சூடான பிறகு, ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் இலேசான ஆவி வருவது இயல்பே. அழுத்தத்தோடு குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் இன்ஜினின் பிளாக்குக்கும் மேற்பகுதியான ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத இன்ஜினைப் பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பழுதுக்குப் பழுது பார்க்கும் வழி, முதலீடு குறைந்தவருக்கு இயல்பாகவே பிடிக்கும். வண்டி முதல் நாளிலிருந்தே சம்பாதிக்கிறது. தேவையற்ற பாகம் எதுவும் மாறுவதில்லை. ஆனால் எல்லாப் பாகங்களும் சொல்லிவிட்டுப் பழுதாவதில்லை என்பதை இந்த வழி கணக்கில் எடுப்பதில்லை. ஃபேன் பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். அது அறுந்தால் சார்ஜ் நிற்பதோடு விஷயம் முடிவதில்லை. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதிக்கிறது. பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தரும் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருப்பதால், பெல்ட் போன சற்று நேரத்தில் பிரேக் பெடலும் கல்லாக இறுகிவிடுகிறது. சொற்ப விலையுள்ள ஒரு பெல்ட்டுக்காக ஹெட் வளைவதும், தக்காளிக் கூடைகள் சாலையோரத்தில் வீணாவதும் சிக்கனம் ஆகாது.

பிரேக் ஆயிலும் இத்தகையதே. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரிதான். சமவெளியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு இறங்கும்போது, ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் தரைவரை போகும்போதுதான் தெரியும்.

ஆகவே, முன்னறிவிப்பின்றிப் போகிறவை, போகும்போது வேறொன்றையும் சேர்த்துக் கெடுக்கிறவை ஆகிய இரண்டையும் வாங்கிய வாரமே முடித்துவிட வேண்டும் என்பேன். எல்லா ஆயில்களும் ஃபில்டர்களும், பெல்ட், ஹோஸ்கள், கூலன்ட், பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர்கள், வீல் பேரிங் கிரீஸ் ஆகியவை இதில் அடங்கும். பின்புறப் பட்டைகளை (ஸ்பிரிங் தகடுகளை) அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். அவை தளர்ந்து, பட்டைகளின் நடுவே உள்ள சென்டர் போல்ட் முறிந்தால் அச்சே நகர்ந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது என்று பொருள். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருந்தாலும் வயதான டயரை லோடு வண்டியில் நம்பக் கூடாது.

ஆயில் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இன்ஜினில் உள்ள பழைய கசடைப் புது ஆயில் கரைத்து இழுத்து வருமென்பதால், முதல் மாற்றத்தை மட்டும் வழக்கமான இடைவெளிக்குக் காத்திராமல் சீக்கிரமே மறுபடி செய்வது நல்லது. பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரத்துக்கு ஊற்றும் ஜிஎல்-5 தர ஆயிலையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடும் பழக்கம் பல ஷெட்டுகளில் இருக்கிறது. ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் அது, கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோனைசர் வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால், கையேட்டில் குறித்துள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.

கிளட்ச், ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்ட்டின் மூட்டு), பட்டை புஷ், டீசலைப் பீய்ச்சும் நாசில் போன்றவற்றுக்கு இரண்டாவது வழியே பொருத்தமானது. கிளட்ச் மேட்டில் வழுக்கத் தொடங்கிச் சொல்லும். கிராஸ், கியர் போட்டு நகரும்போது டக்கென்று சொல்லும். நாசில் கரும்புகையாலும் மைலேஜ் குறைவாலும் சொல்லும். சொன்ன பிறகு தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டியிருப்பதால், இந்த வேலைகளை அதற்காக வண்டி நிற்கும் நாட்களோடு சேர்த்துக்கொண்டால் வாடகை இழப்பு குறையும்.

எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கும் இதே பிரிவு உதவும். கணினிக் கட்டுப்பாட்டில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் இன்ஜினின் சென்சார், நாசில் கோளாறுகளுக்கு ஸ்கேனர் வைத்திருக்கும் கம்பெனி சர்வீஸோ, டீசல் பம்ப் வேலைக்கென்றே உள்ள பட்டறையோ சிறந்தது. கிளட்ச், லைனிங், பட்டை வேலைகளை அனுபவமுள்ள வெளி மெக்கானிக் குறைந்த கூலியில் அதே தரத்தில் முடித்துத் தருவார். பிரேக் பாகங்களை மட்டும் உரிமையாளரே பில்லோடு வாங்கிக் கொடுத்து, கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.