ஒன்ராறியோவின் கெயார் கோர்டினேட்டர் சேவை: அம்மாவுக்குக் கிடைத்த உதவி

ஸ்காபரோவில் வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற எங்கட ஆட்களுக்காக எழுதுகிறேன். ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் என்று 2024 ஜூனில் இருந்து இயங்குகிற மாகாண அமைப்புத்தான் கெயார் கோர்டினேட்டரை, அதாவது தேவையைப் பார்த்து வீட்டு உதவிகளை ஒழுங்கு செய்பவரைத் தருகிறது. டொக்டரின் கடிதம் தேவையில்லை, நாங்களே கூப்பிடலாம், காசும் இல்லை.

அம்மாவுக்கு வந்தவர் ஒரு நேர்ஸ். குளிசைகளை எல்லாம் மேசையில் பரப்பச் சொல்லிப் பார்த்தார், அம்மா கதிரையில் இருந்து கை ஊன்றி எழும்புவதைக் கவனித்தார், அப்புறம் என்னைப் பார்த்து “நீங்கள் இரவில் நித்திரை கொள்ளுறீங்களா?” என்று கேட்டார். அதை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

குளிக்க வார்க்க வருகிற ஆட்களை அனுப்புவது வேறு ஒப்பந்த நிறுவனம். குறை அங்கேதான்: கிழமைக்கு ஒரு புது முகம், சில நாள் ஒருவரும் வரமாட்டார்கள். கோர்டினேட்டரிடம் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் ஒழுங்காக வரத் தொடங்கினார், அதனால் மனதுக்குள் புழுங்காமல் உடனே சொல்லுங்கள்.

நேர்சிங் ஹோமுக்கு விண்ணப்பிப்பதும் கோர்டினேட்டர் மூலம்தான். பொதுவாக ஐந்து இல்லங்கள் வரை தெரிவு செய்யலாம். இடம் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்து விண்ணப்பித்தவர் மறுத்தால் எல்லாக் காத்திருப்புப் பட்டியலிலும் இருந்து பெயர் போய்விடும், நிலைமை மாறாவிட்டால் 12 கிழமைக்குப் பிறகே திரும்ப விண்ணப்பிக்கலாம். ஆகவே நேரில் போய்ப் பார்க்காத இல்லத்தைப் பட்டியலில் போடாதீர்கள்.