குவாரி வருமுன் எதை அளப்பது: கிணறா, போர்வெல்லா?

ஊருக்குத் தெற்கே உள்ள கரட்டில் கல்குவாரி வரப்போகிறது என்றதும், இப்போதைய நீர்மட்டத்தைக் குறித்துவைக்க முடிவு செய்தேன். தோட்டத்தில் கிணறும் உண்டு, போர்வெல்லும் உண்டு. நான் நம்புவது கிணற்றை.

அளக்கும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றுக்குக் கயிறும் கல்லும் போதும். போர்வெல்லில் மோட்டார் பைப்பும் கேபிளும் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். எதுவானாலும், இரவு முழுதும் மோட்டார் ஓடாத விடியற்காலையில் அளந்தால்தான் கணக்கு நிற்கும்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 73 சதவீத நிலம் கடினப் பாறை. மழைநீர் தங்குவது மேலே சிதைந்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான். குவாரிக் குழி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் சுற்றியுள்ள நீர் அதற்குள் கசியும். வேலை நடக்க அதை இறைப்பார்கள்; இறைக்க இறைக்கச் சுற்றுவட்ட மட்டம் குழியை நோக்கிச் சரியும். மேலடுக்கு நீரில் வாழும் கிணறு அதை முதலில் காட்டிவிடும். போர்வெல்லோ அந்த அடுக்கைக் கேசிங் பைப்பால் மறைத்துவிட்டு ஆழத்து வெடிப்புகளிலிருந்து நீர் எடுக்கிறது. அதில் நீர் குறைந்தால், காரணம் குவாரியா, பக்கத்துத் தோட்டத்துப் புதிய போரா என்ற வாதம் முடியாது.

நான் பார்ப்பது கோடை மட்டத்தை அல்ல. கார்த்திகையில் ஏறிய நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை. பாதிப்பு அங்கேதான் தெரியும். குவாரிக்கு அனுமதி தருமுன் செய்யும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கோ மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவே போதும். மார்ச் முதல் மே வரை அளந்தால் கிணறு ஏற்கெனவே வற்றித்தான் கிடக்கும். பின்னால் குவாரி குடித்த நீருக்குச் சாட்சி இராது. மழையளவையும் கூடவே எழுத வேண்டும், இல்லையென்றால் பழியை வறட்சி மேல் போட்டுவிடுவார்கள்.

போர்வெல்லை முற்றிலும் ஒதுக்கவும் மாட்டேன். என் கிணறு பாறை தட்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. குவாரி அதற்கும் கீழே இறங்கினால், எந்த வெடிப்பு எவ்வளவு தூரத்து நீரை இழுக்கும் என்பதை என்னால் ஊகிக்க மட்டுமே முடியும். அப்போது போர்வெல் அளவும் வேண்டும்.

ஊர் ஏரிக்கு வரும் பாதிப்பை அறிய இந்த இரண்டு அளவுமே உதவாது. இறைத்த நீரை ஓடையில் விட்டால் கல்தூளோடு வெடிமருந்தின் நைட்ரேட்டும் ஏரிக்குப் போகலாம். நைட்ரேட் உரத்திலிருந்தும் வரும் என்பதால், முதல் வெடி வைப்பதற்குமுன் ஏரி நீரையும் கிணற்று நீரையும் ஆய்வகத்தில் சோதித்து, தேதியிட்ட முடிவை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.