புது லைசன்ஸுக்குத் தேர்ட் பார்ட்டியா, ஃபுல் இன்சூரன்ஸா? மட்டக்களப்பு வீதிகளை வைத்து ஒரு கணக்கு

ட்ரயல் பாஸ் பண்ணி, பி வகுப்பு லைசன்ஸ் கைக்கு வந்ததும் வீட்டில் அடுத்த பேச்சு இன்சூரன்ஸ்தான். ஒரு எஜண்ட் "தேர்ட் பார்ட்டி போதும் தம்பி, வரிப்பத்திரம் எடுக்கலாம்" என்பார். இன்னொருவர் ஃபுல் இல்லாமல் காரைத் தொடவே வேண்டாம் என்பார். லண்டனில் இருக்கும் சித்தப்பா போனில், இளம் பிள்ளைகளுக்குப் பிரீமியம் தலைசுற்ற வைக்கும் என்று பயமுறுத்துவார். அங்கே அது உண்மைதான். இங்கே கதை வேறு. இலங்கையில் கார் பிரீமியத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வாகனத்தின் பெறுமதி, அதை எதற்குப் பாவிக்கிறோம் என்பது, கிளேம் கேட்காமல் ஓடிய வருஷங்களுக்காக உரிமையாளருக்குக் கிடைக்கும் கழிவான நோ கிளேம் போனஸ். ஓட்டுபவரின் வயது பிரீமியத்தில் பெரிதாகத் தெரியாது. அது தெரிவது கிளேம் கேட்டுப் போகும் நாளில். ஆகவே பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டு மலிவு தேடுவது பாதிக் கணக்கு. மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்ப்போம்.

தேர்ட் பார்ட்டி

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி இதுகூட இல்லாமல் வாகனம் வீதிக்கு இறங்கக் கூடாது. புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு இந்த இன்சூரன்ஸ் சான்றிதழையும் கொண்டுபோனால்தான் பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் கிடைக்கும். பழைய மாருதிக்கும் புது ஹொண்டா வெசலுக்கும் பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் இராது. காரணம், இங்கே கம்பனி பொறுப்பெடுப்பது உங்கள் காரையல்ல, உங்கள் கார் மோதுகிறவரை. அவருடைய உயிருக்கும் உடம்புக்குமான நட்டஈடு இதில் அடங்கும். அவருடைய சொத்துக்கு வரும் சேதம் பொலிசியில் எழுதியுள்ள தொகை வரைக்கும்தான். காத்தான்குடி மெயின் ரோட்டில் கடை முகப்பை இடித்தாலோ, மின்சார சபைத் தூணைச் சாய்த்தாலோ, அந்தத் தொகைக்கு மேல் வருவது உங்கள் பொக்கெட்டில் இருந்துதான். தேர்ட் பார்ட்டி எடுக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தொகையைத்தான். கொஞ்சம் கூடுதலாகக் கட்டி அதை உயர்த்த முடியுமா என்றும் கேளுங்கள்.

இதன் பெரிய ஓட்டை நம்முடைய வீதிகளில்தான் தெரியும். மாரி காலத்தில் கட்டாக்காலி மாடுகள் ஈரத் தரையை விட்டு ஏறி வந்து தார் ரோட்டில் படுத்துக்கொள்ளும். ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கமும் சரி, கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வழியும் சரி, இரவு எட்டு மணிக்குப் பிறகு எதிரே வரும் பஸ்ஸின் லைட் கண்ணில் அடிக்கும்போது, படுத்திருக்கும் கறுப்பு மாடு பத்தடிக்குள் வந்த பிறகுதான் தெரியும். இருபது வருஷம் ஓடினவர் அந்த லைட்டைக் கண்டதும் பழக்கத்தில் வேகத்தைக் குறைப்பார். லைசன்ஸ் எடுத்து இரண்டு மாதமான பிள்ளை ஸ்டியரிங்கை வெட்டும். பொனெட், ரேடியேட்டர், ஹெட்லைட், ஏ.சி. கண்டென்சர் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். மாட்டுக்காரர் அந்த இடத்துக்கு வரமாட்டார். தேர்ட் பார்ட்டி பொலிசியில் இந்தச் செலவுக்கு ஒரு சதமும் இல்லை.

ஃபுல் இன்சூரன்ஸ்

அந்த மாட்டுச் செலவை ஏற்கும் பொலிசி இதுதான். விபத்து, தீ, களவு எல்லாம் இதற்குள் வரும். ஆனால் "ஃபுல்" என்ற பெயரை நம்பிக் கண்ணை மூடிக் கையெழுத்து வைக்க முடியாது. அக்காவின் மகளுக்காக இரண்டு கம்பனிகளின் கொட்டேஷனை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே வேகன் ஆர். ஒன்றில் கடைசித் தொகை சில ஆயிரம் ரூபா குறைவு. "மாமா, இதுதானே லாபம்?" என்றாள். வரி வரியாக விரலை வைத்து இறங்கினோம். குறைந்ததில் வெள்ளம் என்ற வரியே இல்லை. கலவரம், வேலைநிறுத்தத்துக்கான எஸ்.ஆர்.சி.சி. இருந்தது, பயங்கரவாதத்துக்கான ரி.சி. இல்லை. காருக்குள் இருப்பவர்களுக்கான விபத்துக் காப்பு, சில்லறைத் தொகை. இரண்டிலும் 18 வீத வற் வரி அடியில் நிற்கிறது, அதில் பேரம் இல்லை. பிறகு இன்னொரு வரி, மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில்: அனுபவமில்லாத சாரதி எக்ஸஸ்.

புது லைசன்ஸ்காரர் உள்ள வீட்டில் முதலில் வாசிக்க வேண்டியது அந்த வரியைத்தான். எக்ஸஸ் என்பது ஒவ்வொரு கிளேமிலும் முதலில் நீங்கள் போடும் பணம். பல பொலிசிகளில் குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்தவரோ, லைசன்ஸ் எடுத்துக் குறிப்பிட்ட காலம் ஆகாதவரோ ஓட்டும்போது விபத்து நடந்தால், சாதாரண எக்ஸஸுக்கு மேல் இன்னொரு தொகையையும் வெட்டுவார்கள். எந்த வயது, எத்தனை வருஷம், எவ்வளவு தொகை என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். அந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஜண்ட் வாயால் சொல்வது கிளேம் நேரத்தில் நிற்காது. சில இடங்களில் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் அந்த எக்ஸஸை எடுத்துவிடுவார்கள். புது ஓட்டுநருக்கு இதைவிடப் பிரயோசனமான செலவு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது காப்புறுதித் தொகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எங்கேயோ ஏறிப் போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்த பிறகும் பழைய காலத்து விலைக்கு அவை இறங்கிவிடவில்லை. பிரீமியத்தைக் குறைக்க எஜண்ட்மார் சொல்லும் சுலபமான வழி, காரின் பெறுமதியைக் குறைத்துப் போடுவது. இதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கார் சந்தையில் 60 லட்சம் போகிறது, நீங்கள் 40 லட்சத்துக்கு இன்சூர் பண்ணுகிறீர்கள் என்று வையுங்கள். 6 லட்சத்துக்குச் சேதம் வந்தால், மூன்றில் இரண்டு பங்குதான் காப்புறுதி செய்தீர்கள் என்று கணக்குப் போட்டு 4 லட்சத்துக்கு வருவார்கள். அதிலிருந்து எக்ஸஸ் கழியும். காருக்கு வயது கூடினால் மாற்றும் உதிரிப்பாகங்களுக்கும் தேய்மானம் என்று ஒரு வீதம் வெட்டுவார்கள். பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு கராஜில் போய்விடும். கூட்டிப் போட்டாலும் லாபமில்லை, கார் முழுதாகப் போனால் சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள்.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஓட்டுகிற எவருக்கும் நம் வீதிகள் எப்படி மூழ்கும் என்று தெரியும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வீதியை மேவிய வெள்ளம் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே இழுத்துக்கொண்டு போனது. நீர் ஓடும் ரோட்டில் காரை இறக்கவே கூடாது, இன்சூரன்ஸ் என்ன, உயிர் முக்கியம். நிறுத்தியிருந்த காருக்குள் தண்ணீர் ஏறினால் வெள்ளக் காப்பு கைகொடுக்கும். ஆனால் தண்ணீருக்குள் நின்ற என்ஜினை "ஒருக்கால் பார்ப்போம்" என்று ஸ்டார்ட் பண்ணி, உள்ளே தண்ணீர் இழுத்து, பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளைந்தால், அது வெள்ளச் சேதமில்லை, நீங்கள் செய்தது என்று கம்பனி கைவிரிக்க இடமுண்டு. சாவியைத் தொடாமல் ஹொட்லைனுக்கு எடுத்து, கட்டி இழுக்கும் வாகனத்தைக் கேளுங்கள். புதுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அப்பாவின் பெயரா, பிள்ளையின் பெயரா?

நோ கிளேம் போனஸ் காரோடு ஒட்டியதல்ல, உரிமையாளரோடு ஒட்டியது. வருஷக்கணக்காகக் கிளேம் இல்லாமல் ஓடிய அப்பாவுக்குப் பிரீமியத்தில் பெரிய கழிவு கிடைக்கும். பிள்ளையின் பெயரில் புதிதாகத் தொடங்கினால் கழிவு பூச்சியத்தில் இருந்து ஏற வேண்டும், சில கம்பனிகள் ஆரம்பத்திலேயே கொஞ்சம் தரும் என்பதைத் தவிர. நமது பொலிசிகளில் பெரும்பாலும் உரிமையாளரின் சம்மதத்தோடு லைசன்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். ஆகவே வீட்டுக் கார் ஒன்றுதான் என்றால் அப்பாவின் பெயரிலேயே விடுவதுதான் மலிவு. பிள்ளையும் ஓட்டும் என்பதைக் கம்பனிக்குச் சொல்லிவிட்டு விடுங்கள். மறைத்தால் கிளேம் நாளில் அதுவே வழக்காகும். எதிர்ப்பக்கமும் உண்டு: பிள்ளை ஒரு தடவை அடித்தாலே அப்பா சேர்த்த போனஸ் இறங்கிவிடும். கல்லடிப் பக்கக் கராஜில் டிங்கரிங் பெயிண்டிங்கோடு முடிகிற பம்பர் கீறலுக்கெல்லாம் கிளேம் போடாமல், போனஸ் இழப்பையும் எக்ஸஸையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கம்பனி, தகாபுல், எஜண்ட்

இலங்கை காப்புறுதிக் கூட்டுத்தாபனம், செலிங்கோ, அலையன்ஸ் என்று தெரிந்த பெயர்கள் எல்லாம் நம் பக்கம் ஆள் வைத்திருக்கின்றன. வட்டி கலக்காத ஏற்பாடு வேண்டுமென்றால் அமானா தகாபுல் இருக்கிறது. பங்களிப்புகள் ஒரு பொது நிதிக்குப் போய் அதிலிருந்து கிளேம் கொடுப்பது அதன் முறை. எக்ஸஸ், தேய்மானம், வெள்ளம் பற்றிய கேள்விகளை அங்கேயும் விடாமல் கேளுங்கள். ஒன்லைனில் எடுப்பது வேகம். ஆனால் முதல் வருஷம், விபத்து நடந்த இடத்துக்குச் சேதத்தை மதிப்பிடும் அசெஸர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்று ஊரில் கேட்டுப் பார்த்து, போன் எடுத்தால் பதில் சொல்கிற எஜண்டிடம் எடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

லீசிங் கார் என்றால் தெரிவே இல்லை, ஃபுல் கட்டாயம். சொந்தக் கார், அடிபட்டால் உங்களால் தாங்க முடியாத பெறுமதி என்றால், முதல் இரண்டு வருஷத்துக்காவது சரியான பெறுமதிக்கு ஃபுல், எக்ஸஸ் நீக்கத்தோடு. பழைய ஆல்டோ, கராஜ் செலவைக் கையில் இருந்து போடலாம் என்றால் சொத்துச் சேத எல்லையை உயர்த்திய தேர்ட் பார்ட்டி போதும். ஃபுல்லுக்குப் போகும் வித்தியாசத்தை வங்கியில் போட்டு வையுங்கள். எதை எடுத்தாலும், பிரைவேட் என்று எடுத்த பொலிசியில் சனி ஞாயிறு கட்டுநாயக்காவுக்கு ஹயர் ஓட வேண்டாம். காசு வாங்கி ஆள் ஏற்றியது தெரிந்தால் கிளேம் கிடைக்காது. ஹயர் ஓடுகிற எண்ணம் இருந்தால் அதற்கான பொலிசியை முதல் நாளே கேட்டு எடுங்கள். வருஷம் முடிந்து கம்பனி மாறினால் பழைய கம்பனியிடம் போனஸ் கடிதத்தை வாங்காமல் வராதீர்கள்.