பழைய பிக்கப்பின் டீசல் டேங்க்: ஒட்டுப் போடுவதா, காயலான் கடையா, புதுசா?

வேதாரண்யத்தில் உப்பும் மன்னார்குடிப் பக்கம் நெல்லும் ஏற்றி ஓடும் பழைய பிக்கப்பில் டேங்க் எங்கே ஓட்டையாகும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்: பட்டைக்கு அடியில். டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு உள்பக்கம் ரப்பர் இருக்கும். வயல் சேறும் உப்புத் தண்ணீரும் அதற்குள் புகுந்துவிட்டால் லேசில் காயாது. என் வண்டியில் பட்டையைக் கழற்றியதும் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு தகடும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. வெளியே தெரிந்த இடமெல்லாம் பெயின்ட் கெடாமல் இருந்தது.

சரி, மாற்றுவதற்கு முன் குற்றவாளி டேங்க்தானா என்று பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடி நின்றுபோகிறது, கால் மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைச் சுத்தம் செய்தால் போதும். டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே போனதும் இழுவை குறைந்தால், டீசலை உறிஞ்சும் குழாயில் பொடி ஓட்டை. அது வழியாகக் காற்று இழுக்கிறது. இரண்டும் இல்லையா? உறிஞ்சும் ஓஸையும், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டன் ஓஸையும் சுத்தமான டீசல் உள்ள கேனில் விட்டு, ஏர் எடுத்து (லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி) ஓட்டிப் பாருங்கள். கேனில் சீராக ஓடும் இன்ஜின் டேங்கில் திணறினால், வேலை டேங்க் பக்கம்தான்.

ஒட்டுப் போடுவது மலிவு, அன்றைக்கே வண்டி கிளம்பும். தகடு கெட்டியாக இருந்து, கல் பட்டோ உரசியோ ஒரே ஓட்டை விழுந்திருந்தால் இது போதும். துரு தின்ற டேங்குக்கு ஒட்டு வீண். ஒரு சம்பா அறுவடைக்குள் இரண்டு முறை ஒட்டினேன். இரண்டாவது ஒட்டு முதல் ஒட்டின் ஓரத்திலேயே விட்டது. வெளியே அடைத்தாலும் உள்ளே துருப்பொடி விழுந்துகொண்டே இருக்கும், ஃபில்டரை மாற்றி மாளாது. இன்னொன்று: காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே தங்கிய டீசல் ஆவி சூடு பட்டால் வெடிக்கும். கழுவாமல், தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு வைக்கிற பட்டறையிலிருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காயலான் கடை டேங்க் பார்க்க லாபம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், அடிப்பக்கம் முழுக்க விரலால் தட்டிப் பாருங்கள். அதுவும் இதே ஊர்ச் சேற்றில் ஓடிய வண்டியுடையதுதானே! வேறு மாடல் டேங்க் பட்டைக்குள் பொருந்தினாலும், டீசல் அளவைக் காட்டும் ஃப்ளோட் (மிதவை) ஒத்துவராது. டேங்க் காலியான பிறகும் முள் அரையில் நிற்கும். வண்டியை ஒரு வருடத்தில் விற்கப் போகிறவருக்கு வேண்டுமானால் சரி.

இன்னும் நாலைந்து வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு புது டேங்குக்குத்தான். விலை வலிக்கும். ஆனால் கொள்முதல் நிலைய வரிசையில் வண்டி நின்றுபோய், 40 கிலோ மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றக் கூலி கொடுத்தவனுக்கு அந்த வலி பெரிதில்லை. பழைய உறிஞ்சு குழாயை மட்டும் புது டேங்கில் மாட்டிவிடாதீர்கள்.

பழைய டேங்கை இறக்கும் முன் டீசலை வடித்துவிடுங்கள். 50 லிட்டர் டீசலே ஒரு நெல் மூட்டை கனம் இருக்கும், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதை நெஞ்சில் வாங்க முடியாது. இரண்டு ஓஸுக்கும் அடையாளம் கட்டுங்கள், மாறிப்போனால் வீண் அலைச்சல். பட்டைக்குப் புது ரப்பர் போடுங்கள். பழைய லைனில் தங்கிய துரு எப்படியும் கொஞ்சம் வரும். ஃபில்டரைப் புதிதாகப் போட்டிருந்தாலும் ஒரு மாதத்தில் இன்னொரு தடவை மாற்றிவிடுங்கள்.