நடுவதா, ஊட்டுவதா? தொடக்கநிலை பார்க்கின்சனுக்கு இரண்டு சோதனை வழிகள்

கை நடுங்கத் தொடங்கும்போதே நடுமூளையில், உடலசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பகுதி போயிருக்கும். லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டுகிறது, அழிவை நிறுத்துவதில்லை. அழிவையே சரிசெய்யப் பார்க்கும் வழிகள் இரண்டு: புது நரம்பணுக்களை நடுவது, எஞ்சியவற்றுக்கு ஊட்டம் தருவது.

நடும் வழிக்குக் கசப்பான வரலாறு உண்டு. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 40 பேர். பாதிப் பேருக்குக் கருவிலிருந்து எடுத்த திசுவை மூளைக்குள் வைத்தார்கள். மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மண்டையில் துளை மட்டும் போட்டார்கள்; இதுதான் போலி அறுவை. திசு பெற்ற சிலருக்குப் பிறகு, மாத்திரையைக் குறைத்தும் அடங்காத உடல் நெளிவு வந்தது. இன்று அந்தத் திசுவின் இடத்தில், பல வகை அணுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்பணுக்கள். 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின: கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 7 பேர், பெம்டானெப்ரோசெல் என்று பெயரிட்ட இத்தகைய அணுக்களைப் பெற்ற 12 பேர். கட்டி வளரவில்லை, நட்ட அணுக்கள் உயிரோடு இருப்பதை ஸ்கேன் காட்டியது. எனக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இரண்டிலும் ஒப்பிடுவதற்குப் போலி அறுவைக் குழு இல்லை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தையும் ஓராண்டு அல்லது அதற்கு மேல் விழுங்க வேண்டும்.

ஊட்டும் வழியின் நாயகன் நரம்பணுக்களைப் பேணும் ஜிடிஎன்எஃப் என்ற புரதம். பிரிஸ்டலில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், காதுக்குப் பின்னால் பொருத்திய சிறு குமிழ் வழியாக நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதை மூளைக்குள் செலுத்தினார்கள். ஒன்பது மாதத்தில் ஸ்கேன் பளிச்சென்று மாறியது. நடையும் அசைவும் போலி மருந்து பெற்றவர்களைவிடத் தெளிவாக மேம்படவில்லை. இப்போது அதே புரதத்தின் மரபணுவை வைரஸ் மூலம் ஒரே அறுவையில் வைத்துப் பார்க்கிறார்கள். வைத்த பிறகு அணைக்க வழியில்லை.

ஆதாரத்தில் நடும் வழி ஓரடி முன்னால். ஆயினும் தொடக்கநிலையில் இருப்பவருக்கு என் மனம் ஊட்டும் வழியின் பக்கமே சாய்கிறது. ஊட்டுவதற்கு உயிருள்ள அணுக்கள் அப்போதுதான் அதிகம் இருக்கின்றன. பத்தாண்டு கழித்து நட முடியலாம், ஊட்டப் போதிய அணுக்கள் மிஞ்சாமல் போகலாம்.

பணம் வாங்கிக்கொண்டு நரம்பு வழியே ஸ்டெம் செல் ஏற்றும் கிளினிக்குகளை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. அங்கே போய்வந்தவரை முறையான ஆய்வுகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. எந்த ஆய்வில் சேரும் முன்பும் கேளுங்கள்: போலி அறுவைக் குழு உண்டா, எத்தனை ஆண்டு என்னைக் கண்காணிப்பீர்கள், இதற்குப் பிறகு மற்ற வழி எனக்கு மூடிவிடுமா?