உதகை ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ. நொதிகள்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

தேயிலைத் தளிரிலிருந்தும் உருளைக்கிழங்கு இலையிலிருந்தும் ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் வேலையை உதகையில் உள்ள ஒரு சிறிய ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அதில் அன்றாடம் புழங்கும் நொதிகளைப் பற்றியும், மாணவர்களுக்குச் செய்துகாட்ட நாங்களே தயாரிக்கும், நொதியைப்போல வேலை செய்யும் ஆர்.என்.ஏ.வான ரைபோசைம் ஒன்றைப் பற்றியும் இங்கே பகிர்கிறேன். எந்த நிறுவனத்துப் பொருளை வாங்கினோம் என்பதைவிட, அந்த நொதி எதை நம்பி வேலை செய்கிறது என்று தெரிந்து வைத்திருந்ததே எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது.

காசு கொடுக்காமலே வந்து சேரும் நொதியிலிருந்து தொடங்குகிறேன். கைவிரலிலும் தூசியிலும் ஆர்.என்.ஏ.வை வெட்டும் ரைபோநியூக்ளியேஸ்கள் (சுருக்கமாக ஆர்.என்.ஏஸ்) இருக்கின்றன. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது மாட்டின் கணையத்திலிருந்து கிடைக்கும் ஆர்.என்.ஏஸ்-ஏ. 124 அமினோ அமிலங்களும் 4 டைசல்பைடு பிணைப்புகளும் கொண்ட இந்தச் சிறு புரதத்தைக் கொதிக்க வைத்தாலும், ஆறியதும் மறுபடி மடிந்து பழைய வேலையைத் தொடங்கிவிடும். இது மடியும் விதத்தை ஆராய்ந்த கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மலையில் இந்தத் தொல்லை சற்றுக் கூடுதல். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கிக் கலத்தின் அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டும்போது சமவெளியில் உள்ளே 121 டிகிரி இருக்கும். அதே 15 பவுண்டில் இங்கே கிடைப்பது சுமார் 117 டிகிரிதான், ஏனெனில் அந்த மானி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டுமே காட்டுகிறது. கோயம்புத்தூரில் எழுதப்பட்ட செய்முறையை அப்படியே இங்கே பின்பற்றுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 121 டிகிரியை எட்டினாலும் ஆர்.என்.ஏஸ்-ஏ முழுமையாக ஒழிந்துவிடும் என்று நம்ப முடியாது. ஆகவே தண்ணீரில் 0.1 விழுக்காடு டிஇபிசி என்ற வேதிப்பொருளைக் கலந்து ஓர் இரவு வைத்து, அதன் பிறகே ஆட்டோகிளேவில் ஏற்றுகிறோம். இந்த நொதி வெட்டுவதற்கு 12, 119ஆம் இடங்களில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களை நம்பியிருக்கிறது. டிஇபிசி அந்த ஹிஸ்டிடின்களோடு வினைபுரிந்து நொதியை முடக்குகிறது. பிறகு சூட்டில் டிஇபிசியே கரியமில வாயுவாகவும் எத்தனாலாகவும் சிதைகிறது. மீதம் நின்றால் ஆர்.என்.ஏ.வையும் தாக்கும் என்பதால் இங்கே நேரத்தைக் கூட்டியே வைக்கிறோம். டிரிஸ் என்ற தாங்கல் கரைசலில் டிஇபிசியை நேரடியாகச் சேர்க்கக் கூடாது, டிரிஸில் உள்ள அமீன் தொகுதி அதைத் தின்றுவிடும். கண்ணாடிப் பொருள்களுக்கு உலர் சூட்டடுப்பே போதும். அதற்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

ஆர்.என்.ஏஸ் தடுப்பான் விலை கூடிய பொருள். ஆர்.என்.ஏஸ்-ஏ வகையை ஒன்றுக்கு ஒன்றாக இறுகப் பற்றிக்கொள்ளும் இந்தப் புரதம் பூஞ்சையிலிருந்து வரும் டி-1 போன்ற ஆர்.என்.ஏஸ்களைத் தடுக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நிறைய இருப்பதால், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி இல்லாத கரைசலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதுவரை பிடித்து வைத்திருந்த ஆர்.என்.ஏஸையும் விட்டுவிடுகிறது. எலியிலிருந்து எடுத்த வடிவம் மனித வடிவத்தைவிட ஆக்சிஜனேற்றத்தைத் தாங்குகிறது. நான் இப்போது அதையே கேட்டு வாங்குகிறேன். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பார்சல் தாமதமாகி, ஜெல் ஐஸ் உருகிய நிலையில் வந்து சேர்வதுண்டு. அப்படி வந்தவற்றைக் குப்பையில் போடாமல், தெரிந்த ஆர்.என்.ஏ. ஒன்றை வைத்துச் சோதித்த பிறகே முடிவெடுக்கிறோம்.

ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை உருவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆர்.என்.ஏஸ்-எச் செயல்பாடு (டி.என்.ஏ.வோடு இணைந்த ஆர்.என்.ஏ.வை வெட்டுவது) குறைக்கப்பட்ட, சற்று அதிக வெப்பத்தைத் தாங்கும் வகையே எங்களுக்குப் பிடித்திருக்கிறது. தேயிலையில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் நொதியன்று, ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிவரும் பாலிஃபீனால்களே. அரைக்கும்போதே பாலிஃபீனால்களைப் பற்றிக்கொள்ளும் பிவிபி சேர்ப்பது நொதியை மாற்றுவதைவிடப் பலன் தருகிறது.

இனி ரைபோசைம். புரதம் இல்லாமலே ஆர்.என்.ஏ. தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும் என்று தாமஸ் செக்கின் குழு 1982இல் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியில் காட்டியது, ஆர்.என்.ஏஸ்-பி நொதியில் வெட்டும் வேலையைச் செய்வது அதன் ஆர்.என்.ஏ. பகுதியே என்று சிட்னி ஆல்ட்மனின் குழு 1983இல் காட்டியது. இருவரும் 1989இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நாங்கள் பயன்படுத்துவது சுத்தியல்தலை எனப்படும் சிறிய ரைபோசைம். நம் மலைகளில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் அவகாடோ மரத்தைத் தாக்கும் 247 நியூக்ளியோடைடு நீள வைராய்டு (புரத உறையில்லாத, ஆர்.என்.ஏ. மட்டுமேயான நோய்க்காரணி) ஒன்றில் இது இயற்கையாகவே இருக்கிறது என்று சொன்னதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. தயாரிக்கும் டி-7 ஆர்.என்.ஏ. பாலிமரேஸால் இதை நகலெடுக்கும்போது குழாய் மெல்ல மோர் நிறத்துக்குக் கலங்கினால் வினை நன்றாக நடக்கிறது என்று பொருள். அது மக்னீசியம் பைரோபாஸ்பேட் படிவது. அந்த மக்னீசியத்திலேயே ரைபோசைமும் வெட்டத் தொடங்கிவிடுவதால், வெட்டும் இழையையும் வெட்டப்படும் இழையையும் தனித்தனியாகத் தயாரிப்பது நல்லது. சுத்தம் செய்த இரண்டையும் கலந்து மக்னீசியம் சேர்த்தால், ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரு பட்டை இருந்த இடத்தில் சற்று நேரத்தில் இரண்டு சிறிய பட்டைகள் கூர்மையாகத் தெரியும். அறையே 14 டிகிரியில் இருக்கும் டிசம்பரில் ஹீட் பிளாக் இல்லாமல் இதை முயல வேண்டாம்.

ஆர்.என்.ஏஸ்-ஏயும் இந்த ரைபோசைமும் வெட்டும் வேதியியல் ஒன்றேதான். இரண்டிலும் ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் உள்ள 2' ஹைட்ராக்சில் பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்க, வளையப் பாஸ்பேட் முனை உண்டாகிறது. ஆனால் நாங்கள் வேலை செய்யும் உப்பு நிலையில் ரைபோசைமுக்கு மக்னீசியம் தேவை, ஆர்.என்.ஏஸ்-ஏவுக்கு உலோகமே வேண்டாம். இந்த வேறுபாடு எங்களுக்கு ஒரு மலிவான சோதனையைத் தந்திருக்கிறது. மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்ததும் வெட்டு நின்றால் அது ரைபோசைமின் வேலை. சேர்த்த பிறகும் பட்டைகள் கரைந்து இழுவலாகக் கீழே ஓடினால் எங்கோ ஆர்.என்.ஏஸ் கலந்திருக்கிறது. பல முறை அது பிளாஸ்மிட் (டி-7 வினைக்கு வார்ப்பாகும் வளைய டி.என்.ஏ.) தயாரிப்பில் வேண்டுமென்றே சேர்க்கும் ஆர்.என்.ஏஸ்-ஏயாகவே இருந்தது. அதனால் டி-7 வினைக்குப் போகும் ஒவ்வொரு பிளாஸ்மிடையும் இப்போது புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ்-கே, பின்பு பீனால்-குளோரோஃபார்ம் என்ற வரிசையில் சுத்தம் செய்கிறோம், ஆர்.என்.ஏஸ்-ஏ குப்பிக்கும் அதற்குரிய பிப்பெட்டுக்கும் அடுத்த அறையில் தனி அலமாரி ஒதுக்கியிருக்கிறோம்.