தொட்டியில் பெருக்குவதா, பிடித்து விடுவதா? லூஸ்ஸ்ட்ரைஃப் வண்டுக்கு இரண்டு வழி

அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன் சதுப்புகளை ஊதாப்பூவால் மூடும் பர்ப்பிள் லூஸ்ஸ்ட்ரைஃப், நம் மருதாணியின் குடும்பத்துச் செடி. 1800-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. நாலைந்து செடி என்றால் பூக்கும் முன் வேரோடு தோண்டிவிடலாம். ஏக்கர் கணக்கில் பரவிவிட்டால் களைக்கொல்லி அடித்து மாளாது. வளர்ந்த ஒரு செடி வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேல் விதை கொட்டும். மருந்தடித்து வெறிச்சோடிய சேற்றில் முதலில் தலைகாட்டுவது அந்த விதைகள்தான். ஆகவே, இந்தச் செடியைத் தின்று அடக்க 1992-இல் அனுமதி பெற்ற காலெருசெல்லா இலைவண்டுதான் வழி. அதை எப்படிக் கொண்டுபோய் விடுவது?

மே மாதம் வண்டு நிறைந்த சதுப்பில் பிடித்து, அன்றே புது இடத்தில் விடலாம். செலவும் இல்லை, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் பிடித்தது எத்தனையோ அத்தனைதான் கையில். அவை இடும் முட்டையும் புழுவும் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் திறந்த பந்தி.

எங்கள் ஓட்டு தொட்டிக்கு. பத்து வண்டு பல நூறாகும், நன்றாக அமைந்தால் தொட்டிக்கு ஆயிரம் வரை. ஏப்ரலில் லூஸ்ஸ்ட்ரைஃப் வேர்க்கட்டையைத் தோண்டி (விஸ்கான்சினில் இதற்கு மாநில அனுமதி வேண்டும்) அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் நட்டு, குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் நீச்சல்தொட்டியில் சில அங்குலத் தண்ணீரில் வையுங்கள். செடி இரண்டடி வந்ததும் நெருக்கமான வலைப்பையால் மூடி, பத்து வண்டை விட்டு இறுகக் கட்டுங்கள்.

எல்லாம் தீர்மானமாவது இதற்கு முந்தைய ஒரு வேலையில்: வேர்க்கட்டையைக் கழுவுவது. ஒட்டிய மண், பழைய தண்டு, சருகு எதுவும் மிஞ்சக்கூடாது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். வலை மாட்டும் முன் இலையின் அடிப்புறத்தையும் தண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். வெளியே ஒரு சிலந்தி தின்பது கணக்கிலேயே வராது. வலைக்குள் அதே சிலந்திக்குப் போட்டியும் இல்லை, இரைக்கும் தப்ப வழியில்லை. ஜூலையில் இலை இன்னும் பச்சையாகவே நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இளம்புழு உச்சிக்குருத்துக்குள் ஒளிந்து தின்பதால் தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பொறுமையிழந்து வலையைத் திறக்காதீர்கள். பிறகு கரும்புள்ளியிட்ட மஞ்சள் புழுக்கள் இலையைச் சுரண்டி, மெல்லிய தோலை மட்டும் கண்ணாடிபோல விட்டுவைக்கும். அவை கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கும்போது தொட்டி மண்ணின் மேல் தண்ணீர் தேங்கினால் மொத்தமும் மூழ்கிச் சாகும். கனமழைக்குப் பின் கட்டாயம் பாருங்கள்.

செடி வறுத்ததுபோலப் பழுப்பாகி வலையில் புது வண்டுகள் மொய்த்ததும் தொட்டியோடு சதுப்புக்குத் தூக்கிப்போய், வலையைக் கழற்றி, காட்டுச் செடிமேல் சாய்த்து வையுங்கள். கொசுமருந்து அடிக்கும் இடம் வேண்டாம்.

பக்கத்திலேயே வண்டு கொழிக்கும் சதுப்பு இருந்தால் எங்கள் வாதம் பலவீனப்படும். அங்கே பிடித்து விடுவதே லாபமாக இருக்கலாம். எப்படியானாலும் பலன் தெரியச் சில வருஷம் பிடிக்கும், செடி அடியோடு ஒழியவும் ஒழியாது. இலையுதிர்காலத்தில் தொட்டிகளைத் திரும்ப எடுக்க மறக்காதீர்கள். அந்த வேர் மறுபடி துளிர்க்கும்.